மண்ணசையும் சந்து செய்தலும்: புறநானூற்றுத் துணைவஞ்சிப் பாடல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அண்டை வேந்தர் இருவரிடையே எழும் போருக்கு மண்மேற் கொண்ட வேட்கையே காரணம் என்பது தொல்காப்பியப் புறத்திணையியலின் துணிபு. அப்போரைத் தணிக்கப் புலவர்கள் மேற்கொண்ட முயற்சிகளைப் புறநானூறு துணைவஞ்சி முதலிய துறைகளில் பதிவு செய்துள்ளது. எனினும் சந்து செய்யும் புலவர் கூற்றுகளில் ‘இந்நிலம் யாருக்கு உரியது’ என்னும் வினாவுக்கு விடை கூறப்படுவது அரிதாகவே உள்ளது. போரின் காரணத்தைத் தொடாமலே போரைத் தணிக்க முயலும் இப்போக்கையும், அதன் ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வஞ்சித்திணை, துணைவஞ்சி, மண்ணசை, சந்து, பகைதணிவினை, காவல்மரம், கொளு.

முன்னுரை

சங்கப் புலவர்கள் வேந்தரிடையே அமைதியை நிலைநாட்டியவர்கள் என்பது தமிழாய்வில் பலகாலமாக வழங்கிவரும் கருத்தாகும். கோவூர் கிழாரும் ஔவையாரும் இக்கருத்துக்குச் சான்றாகத் தவறாமல் காட்டப்படுவர். இப்பாராட்டு பொருத்தமற்றது அன்று. ஆயினும் அப்புலவர்கள் எதைக் கூறிப் போரைத் தணிக்க முயன்றனர், எதைக் கூறாது விட்டனர், அம்முயற்சிகள் எந்த அளவில் பயன்பட்டன என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. பாராட்டு முந்திக்கொண்டதால் ஆய்வு பிந்திவிட்டது எனலாம். பாடலின் சொற்களையும் அவற்றின் கீழ் அமைந்த கொளுக் குறிப்புகளையும் பிரித்துப் பார்க்கும்போது இவ்வினாக்களுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது.

இடைப்பட்ட நிலம்

தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும், தும்பையை நெய்தலுக்கும் புறமாக வைத்தார். இவற்றுள் வஞ்சிக்கு அவர் கூறும் இலக்கணம் மண்ணசையை அடியாகக் கொண்டது. குறையாத மண்வேட்கையால் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேற் படையெடுத்துச் செல்வதே வஞ்சி. இந்நூற்பாவுக்கு நச்சினார்க்கினியர் கொள்ளும் பொருள் இங்குக் கருதத்தக்கது. அவர் அம்மண்ணை இரு பெருவேந்தர்க்கும் இடைப்பட்ட மண் என்கிறார்; அச்சம் உண்டாவது அந்நிலத்தில் வாழ்வோர்க்கு என்றும் கொள்கிறார். ஒருவன் நாட்டின் நடுவிலுள்ள நிலமன்று, இருவருக்கும் நடுவில் உள்ள நிலம். அஞ்சுவோர் வேந்தரல்லர், அங்குக் குடியிருப்போர். இன்றைய சொல்லில் எல்லைப் பூசல் என வழங்கப்படுவதன் இரு கூறுகளையும் இவ்வுரை தொட்டுவிடுகிறது.

ஆனால் அந்த இடைப்பட்ட நிலத்தின் எல்லை யாது என்பதைப் புறப்பாடல்கள் சொல்வதில்லை. எல்லை கூறப்படும் இடங்களில் அது வடக்கே பனிமலையாகவும் தெற்கே குமரியாகவும் கிழக்கும் மேற்கும் கடலாகவும் அமைகிறது (புறம். 6, 17). அதாவது அயல் வேந்தன் ஒருவனும் இல்லாத எல்லை. சோழநாடு முடிந்து சேரநாடு தொடங்கும் இடத்தைக் கூறுவது பாடாண் மரபுக்கு உவப்பானதன்று. கபிலர் பாடும் செல்வக் கடுங்கோ வாழியாதன் நிலம் பிறருக்கும் பொது என்னும் சொல்லைப் பொறாதவன், தன் இடம் சிறிதென்று எண்ணும் ஊக்கத்தால் உந்தப்படுபவன் (புறம். 8). ஐயூர் முடவனார் பாடும் மாறன் வழுதியும் தமிழ்நிலம் பொது எனப்படுவதைப் பொறுக்கமாட்டாமல் திறை வேண்டுபவன், கொடுத்தவர் நடுக்கம் தீர்ந்தனர், கொடாதவர் இரங்கத்தக்கவர் (புறம். 51). ‘பொது’ என்னும் சொல்லே குற்றமாகிவிட்ட அவையில் எல்லைக்கல் நடுவதற்கு இடமில்லை.

பிற்காலச் சோழர் செப்பேடுகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். ஆனைமங்கலச் செப்பேடு போன்றவற்றில் கொடையாக அளித்த ஊரின் நான்கெல்லைகளும் வாய்க்கால், வரப்பு, குளம் எனப் பெயர் கூறிக் குறிக்கப்படுகின்றன. பிடியைச் சூழவிட்டுக் கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை உறுதி செய்யப்படுகிறது. கொடுக்கும் நிலத்துக்கு நுட்பமான எல்லை உண்டு. வெல்லும் நிலத்துக்கு எல்லை கூறப்படுவதில்லை. இரண்டும் வெவ்வேறு காலத்தன, வெவ்வேறு வகைப் பனுவல்கள் என்பது உண்மையே. ஆயினும் எல்லை குறிக்கும் நோக்கம் ஒரு சமூகத்தில் எவ்விடத்தில் தோன்றுகிறது என்பதற்கு இவ்வொப்பீடு ஒரு குறிப்பைத் தருகிறது.

அமைதிக்குத் திணையில்லை

தொல்காப்பியம் வஞ்சிக்குக் கூறும் பதின்மூன்று துறைகளுள் துணைவஞ்சி இடம்பெறவில்லை. இயங்குபடை அரவம் முதல் தழிஞ்சி வரை அனைத்தும் படைச்செலவையும் வெற்றியையும் அவற்றின் விளைவையும் சார்ந்தவை. புறநானூற்றுக்குத் திணை, துறை வகுத்தோர் 36, 45, 46, 47, 57, 213 ஆகிய பாடல்களைத் துணைவஞ்சி என்றனர். போர்மேற் செல்வானை அல்லது பிறரை வருத்துவானைத் தகுவன கூறிச் சந்து செய்வதே இத்துறை. போரைத் தடுக்கும் கூற்று, போர்மேற் செல்லும் திணைக்குள்ளேயே ஒரு துறையாக அடங்கியிருக்கிறது. அமைதிக்கெனத் தனித்திணை வகுக்கப்படவில்லை.

அகப்பொருள் இலக்கணத்தில் நிலை சற்று வேறானது. தொல்காப்பியர் ஓதல், பகை, தூது என்னும் மூன்றையும் பிரிவுக்குக் காரணமாக வைத்து, அவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்றார். இறையனார் அகப்பொருள் கற்பின்கண் நிகழும் பிரிவுகளை ஆறாக வகுத்து, அவற்றுள் ஒன்றைப் பகைதணிவினை எனப் பெயரிட்டது. இரு வேந்தர் தம்முள் பொரத் தொடங்கியவழி அவரைச் சந்து செய்விக்கப் பிரிவதே அது என்பது உரை கூறும் விளக்கம். புறத்தில் தனித்திணை பெறாத செயல் அகத்தில் தலைவன் பிரிவுக்குரிய தகுதியான காரணமாக ஏற்றம் பெறுகிறது. சந்து செய்யச் சென்றவன் அங்கு என்ன பேசினான் என்பதை அகமரபு கேட்பதில்லை. அவன் எப்போது மீள்வான் என்பதே அங்குப் பொருள். அவன் பேசியதை அறியப் புறப்பாடல்களுக்கே மீள வேண்டும்.

கருவூர் முற்றுகையும் நாணும்

சோழர் தலைநகர் உறையூருக்கும் கருவூருக்கும் இடையே இன்றைய அளவில் ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவே உண்டு. காவிரியும் அதனோடு கலக்கும் ஆன்பொருநையும் இணைக்கும் இந்நிலப்பகுதி சேர சோழர் இருவரும் விரும்பியது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடியது புறம். 36. பாடல் இளமகளிர் ஆன்பொருநை மணலில் பொற்கழங்கு ஆடும் காட்சியை முன்வைக்கிறது. உடனே கொல்லன் கூர்மை செய்த கோடரி காவல்மரங்களை வெட்டும் ஓசை எழுகிறது. ஒவ்வொரு காவிலும் எழும் அவ்வோசை கோட்டைக்குள் இருக்கும் வேந்தன் காதில் விழுகிறது. அவன் அசையாது இனிதே அமர்ந்திருக்கிறான். அத்தகையவனோடு முரசு முழங்கப் பொருதாய் என்பது கேட்போர்க்கு நாணுத் தரும் என்கிறார் புலவர்.

இங்குப் புலவர் கிள்ளிவளவனிடம் ‘கருவூர் உனதன்று’ என்று கூறவில்லை. சேரனுக்கு உரிமை உண்டு என்றும் வாதிடவில்லை. கொல்வதோ விடுவதோ உன் தகுதியை நீயே அளந்து செய்க என முடிவை வேந்தனிடமே விடுகிறார். பொராதவனைப் பொருதால் புகழ் கிட்டாது என்பதே அவரது வாதம். மறக்குடியின் மதிப்பீட்டைக்கொண்டே மறத்தைத் தடுக்கும் இவ்வழி கூர்மையானது. அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. உள்ளே இருப்பவன் சினந்து வெளியே வந்துவிட்டால் புலவரின் வாதம் வலியிழந்துபோகும். நாணுக்குரிய காரணம் நீங்கியபின் போருக்குத் தடை ஏதுமில்லை.

இம்முயற்சி பயனளித்ததா? இதே கிள்ளிவளவனைப் பாடும் மாறோக்கத்து நப்பசலையார், இமயத்தில் விற்பொறி பொறித்த சேரன் தொலையுமாறு வஞ்சியை வாட்டிய அவன் பெருமையைப் புகழ்கிறார் (புறம். 39). வாடாத வஞ்சி என்னும் தொடர் பூவையும் நகரையும் ஒருங்கே சுட்டுவது. வஞ்சியும் கருவூரும் ஒன்றா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றெனக் கொண்டால் ஆலத்தூர் கிழார் கூற்று வேந்தனைத் திருப்பவில்லை என்றே எண்ண வேண்டியுள்ளது. அமைதிப் பாடலையும் அது தடுக்க முயன்ற வெற்றியின் பாடலையும் ஒரே தொகைநூல் மூன்று எண் இடைவெளியில் வைத்திருக்கிறது. முன்னதை மட்டும் எடுத்துக்காட்டிப் பின்னதை விட்டுவிடுவது ஆய்வுக்குப் பொருந்தாது.

இரு ஆத்திமாலைகள்

நலங்கிள்ளி நெடுங்கிள்ளி பூசல் அயல்நாட்டுப் போரன்று; ஒரே குடியின் இரு கிளைகள் நிலம் பற்றிக்கொண்ட பகை. நெடுங்கிள்ளி ஆவூரில் அடைத்திருந்தபோது கோவூர் கிழார் பாடியதில் (புறம். 44) முற்றுகைக்குள் அகப்பட்டோர் துன்பமே முதலிடம் பெறுகிறது. நெய் கலந்த கவளமும் நீராட்டும் இழந்த யானைகள் கட்டுத்தறியை வருத்தி முழங்குகின்றன. பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன. மகளிர் பூவற்ற கூந்தலை முடிக்கின்றனர். நீரற்ற மனைகளில் கூக்குரல் எழுகிறது. அறம் உடையவனாயின் ‘உன்னுடையது’ என்று கூறிக் கதவைத் திற. மறம் உடையவனாயின் போரிடத் திற. இரண்டுமின்றி மதிலுக்குள் ஒடுங்கியிருப்பது நாணத்தக்கது என்பது புலவர் கூற்று.

சந்து பற்றிய பாடல்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தல் வெளிப்படையாக ஒரு வழியாகக் கூறப்படும் அரிய இடம் இது. ஆனால் இப்பாடல் துணைவஞ்சி எனப்படவில்லை. வாகைத்திணை, அரசவாகைத் துறை எனப்பட்டது. கதவைத் திற என்னும் கூற்றில் போருக்கான அழைப்பும் இருப்பதால் துறை வகுத்தோர் இதனைச் சந்து எனக் கருதவில்லை போலும். நிலத்தைக் கொடு என்பது சந்தாக எண்ணப்படவில்லை என்று கொள்ளவும் இடமுண்டு.

உறையூர் முற்றுகையின்போது பாடிய புறம். 45 துணைவஞ்சிக்கு உரிய சிறந்த எடுத்துக்காட்டு. பனந்தோட்டைச் சூடியவன் அல்லன், வேம்பைச் சூடியவனும் அல்லன். உன் மாலையும் ஆத்தி, உன்னொடு பொருபவன் மாலையும் ஆத்தி. ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்லுதல் இயற்கையன்று. இப்பகை உங்களைப் போன்ற பிற வேந்தர்க்கே மகிழ்ச்சி தரும் என்று வாதம் செல்கிறது. பாடலில் எந்த வேந்தன் பெயரும் இல்லை, உறையூரும் இல்லை. அவற்றைக் கொளுவே தருகிறது. பாடலை மட்டும் படித்தால் எஞ்சுவது ஆத்தி, பனை, வேம்பு என்னும் மூன்று பூக்களே.

இவ்வாதத்தின் அடித்தளம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆத்திக்கும் ஆத்திக்கும் போர் கூடாது என்பதன் மறுதலையாக, ஆத்திக்கும் பனைக்கும் போர் நிகழலாம் என்பது அமைந்துகிடக்கிறது. குடியொருமையைக் காட்டித் தணிக்கும் சந்து, குடிவேற்றுமை உடைய அண்டை வேந்தரிடம் செல்லுபடியாகாது. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் படையெடுத்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் கூறியதும் இத்தகையதே: எதிர்நிற்போர் உன் பழம்பகைவர் அல்லர், நீ வென்றபின் நாட்டை யாருக்கு விட்டுச்செல்வாய்? (புறம். 213). உறவினுள் எழும் போருக்கு இவ்வாதம் போதும். எல்லைக்கு அப்பால் உள்ளவனிடம் வேறு வாதம் வேண்டும்.

உடனிலையும் மூன்றாமவன் குன்றும்

அவ்வேறு வாதத்தைக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனாரிடம் காணலாம். சோழநாட்டுத் துறைமுக நகரத்தவரான இவர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறார் (புறம். 57). பிறர் நாட்டைக் கொள்ளும்போது வயலின் நெல்லை உன் வீரர் கவர்ந்துகொள்ளட்டும், பேரூர்கள் எரியட்டும், வேல் பகைவரை அழிக்கட்டும், காவல்மரத்தை மட்டும் வெட்டாதே. அவை உன் யானைகளுக்குக் கட்டுத்தறியாகும் வலிமையற்றவை என்பது அவர் கூறும் காரணம்.

கொள்ளையையும் எரியையும் ஒப்புக்கொண்டு மரத்தை மட்டும் காக்க வேண்டும் என்பது இன்றைய நோக்கில் வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நெல் அடுத்த ஆண்டு விளையும். கூரை மீண்டும் வேயப்படும். காவல்மரம் வீழ்ந்தால் அந்தக் குடியின் மானம் வீழ்கிறது. அதன்பின் திறை கொடுத்து மீளும் வழியும் அடைபடுகிறது. மீட்க முடியாத இழப்பைத் தவிர்த்தால் பின்னர் ஒரு சந்துக்கு இடமிருக்கும். போரை நிறுத்த இயலாதபோது அதன் கொடுமைக்கு வரம்பு கட்டும் இப்பாடலை, நடைமுறை அறிவு மிக்க துணைவஞ்சிப் பாடலாகக் கருதலாம். ஆலத்தூர் கிழார் பாடலில் கேட்ட கோடரியோசையை நினைவுகூர்ந்தால் இதன் பொருள் மேலும் ஆழமாகும்.

இதே புலவர் சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒருங்கிருந்தபோது பாடியது புறம். 58. நீ காவிரிக்கு உரியவன், உறந்தையின் தலைவன்; இவன் பஞ்சவருள் ஏறு, சந்தனமும் முத்தும் உடைய கூடலின் வேந்தன் என ஒவ்வொருவரையும் அவரவர் ஆறு, நகர், விளைபொருள் ஆகியவற்றால் தனித்தனியே அடையாளப்படுத்துகிறார். எல்லைக்கோடு வரையப்படாவிடினும், யாருக்கு எது உரியது என்பது புகழ்ச்சியின் வடிவில் பகுத்துரைக்கப்படுகிறது. சங்கப் பாடல்களில் இரு அண்டை வேந்தரின் நிலவுரிமை ஒரே அவையில், இருவர் முன்னிலையிலும் ஏற்கப்படும் இடமாக இதனைக் கொள்ளலாம். நல்லவை போலவும் முன்னோர் நெறி போலவும் பேசி உங்களிடையே புகமுயலும் அயலார் சொல்லைக் கொள்ளாதீர் என்னும் எச்சரிக்கை, நட்பு நிலைக்காது என்பதை அறிந்தவர் வாயினின்று வருவது.

ஆனால் பாடல் முடியும் இடம் வேறு. இருவரும் பிரியாதிருந்தால் கடல்சூழ் நிலம் முழுதும் கைக்கு வரும். பிறர் குன்றுகளில் புலியும் கயலும் ஒருங்கே பொறிக்கப்படுக. இருவரின் மண்ணசை தணியவில்லை, திசை மாறியிருக்கிறது. குன்றில் பொறி இடுதலே அக்கால எல்லைக்குறி எனின், இவ்வமைதியின் எல்லை மூன்றாமவன் நிலத்தில் நடப்படுகிறது. காரிக்கண்ணனாரை அமைதியின் புலவர் என்று மட்டும் கூறுவோர் இவ்வீற்றடிகளைக் கடந்துசெல்வது வழக்கமாகிவிட்டது.

மண்ணசைக்கு நேரே விடை கூறியவர் ஔவையார். சேரமான் மாரிவெண்கோ, பாண்டியன் உக்கிரப்பெருவழுதி, சோழன் பெருநற்கிள்ளி மூவரும் ஒருங்கிருந்தபோது, வானுலகு போன்ற நிலம் தமதேயாயினும் தம்மோடு வராது, அயலாராயினும் தவமுடையோர்க்கே சென்றுசேரும் என்றார் (புறம். 367). மூன்றாமவன் விடுபடாத அவையில்தான் இக்கூற்று எழுந்தது என்பது கருதத்தக்கது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றபோது அவர் கையாண்ட முறை முற்றிலும் வேறு (புறம். 95). பீலி அணிந்து நெய் பூசிக் காவலில் இருக்கும் படைக்கலங்களைப் புகழ்வதுபோல், முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் தம் தலைவன் வேலை அவர் நினைவூட்டினார். அங்கு அவர் ஒரு தரப்பின் தூதர். வலிமையைச் சுட்டி அஞ்சுவிப்பது அவர் பணி. சந்து, போர் இரண்டின் பொருட்டும் வேற்று வேந்தரிடம் செல்வோரைப் பற்றியது தூது என்னும் அதிகாரம் எனப் பரிமேலழகர் கூறுவது இவ்விடத்துக்குப் பொருந்தும்.

கொளுக்கள் கூறும் பயன்

இலக்கணம் தூதினை உயர்ந்தோர்க்கு உரியதாக்கிற்று. நடைமுறையில் இரு தரப்புக்கும் இடையே சென்றவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை புறம். 47 காட்டுகிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டபோது கோவூர் கிழார் பாடியது அது. பழமரம் நாடும் பறவைபோல் நெடுவழி என எண்ணாது பல நாடு கடந்து, பெற்றதைச் சுற்றத்துக்கு ஊட்டி வாழ்பவர் புலவர். கல்வியால் எதிர்த்தோரை நாணச் செய்வதன்றிப் பிறர்க்குத் தீங்கு அறியாதவர் என்பது அவர் வாதம். அமைதிக்காலத்தில் பரிசில் வாழ்க்கையாக இருந்த எல்லை கடத்தல், பகைக்காலத்தில் கொலைக்குரிய குற்றமாகிறது.

துணைவஞ்சிப் பாடல்களின் கொளுக்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். கருவூர் முற்றுகை (36), உறையூர் முற்றுகை (45), நன்மாறனுக்கு விடுத்த வேண்டுகோள் (57), கோப்பெருஞ்சோழன் படையெடுப்பு (213) ஆகியவற்றின் கொளுக்கள் ‘பாடியது’ என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. யானைக்காலில் இடப்படவிருந்த மலையமான் மக்களுக்காகப் பாடிய 46, இளந்தத்தனுக்காகப் பாடிய 47 ஆகிய இரண்டின் கொளுக்கள் மட்டுமே ‘பாடி உய்யக் கொண்டது’ எனப் பயனையும் சேர்த்துக் கூறுகின்றன. இவ்விரண்டிலும் பூசலுக்குரிய பொருளாக நிலம் இல்லை.